வடக்கே யார் வீடு

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பத்திர ஆபீஸ். அதன் காம்பவுண்டுக்குள் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு ஏழு பத்திர எழுத்தர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேரிடம் காலையில் விவரம் கொடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பத்திரம் பதிவாகிவிடும். ஏழாவது ஆளிடம் கொடுத்தால் என்றைக்குப் பதிவாகும் என்று அவருக்கே தெரியாது. அவரை எல்லாரும் ‘லேட் ரைட்டர்’ என்றுதான் சொல்வார்கள். நான் சொல்லப்போவது அவரைப் பற்றி.

ஆள் நல்ல உயரம், அதைவிட நல்ல அகலம். கேட்டை ஒட்டினாற்போல் இருந்த கடைசிக் கொட்டகை அவருடையது. அதில் ஒரு டைப்ரைட்டர், இரண்டு பெஞ்சு, ஒரு கறுப்புக் குடை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, கோபப்பட்டும் பார்த்ததில்லை. ஸ்டேஷனில் ரயில் தாமதம் என்று அறிவிப்பார்களே, அந்தக் குரலில்தான் எல்லாவற்றையும் சொல்வார். கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னாலும் அதே குரல்தான்.

தாமதத்துக்குக் காரணம் செக்குபந்தி. விற்கிற நிலத்துக்கு நாலு பக்கமும் யார் நிலம், யார் வீடு இருக்கிறது என்று பத்திரத்தில் எழுதுவார்கள் இல்லையா, அதற்குப் பெயர்தான் செக்குபந்தி. கிழக்கே முனுசாமி நிலம், மேற்கே வண்டிப்பாதை, தெற்கே ஏரிக்கால்வாய் என்று போகும். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் நாலாவது பக்கம் பெரும்பாலும் ‘வடக்கே சேரி’ என்று முடிந்துவிடும். ஊர்க்காரன் என்றால் ஆளுக்கொரு பெயர். சேரி என்றால் நூறு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே சொல். மற்ற ஆறு பேரும் கேள்வி கேட்காமல் அதை எழுதிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும், “அங்க குடியிருக்கறவங்க பேரு இன்னா?” என்பார். விற்கிறவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் குடையை எடுத்துக்கொண்டு டி.வி.எஸ். ஐம்பதில் கிளம்பிவிடுவார்.

மாமல்லபுரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு விலைக்கு வந்த கதையை ஆபீஸ் வாசல் டீக்கடை மாஸ்டர்தான் எனக்குச் சொன்னார். கடற்கரைச் சாலையில் ஓட்டல் கட்டப்போகிறவர்கள் மெட்ராஸிலிருந்து காரில் வந்து காத்திருந்தார்களாம். தோப்புக்கு மேற்கே சேரி. இவர் அங்கே போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று, முழுப்பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். போலீஸ் என்று நினைத்துப் பாதிப் பேர் பின்பக்கமாகப் போய்விட்டார்கள். போனவர்கள் திரும்பி வரும்வரை இவர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்து, பதினோரு பெயர்களோடு மறுநாள் வந்து சேர்ந்தார். பத்திரத்தில் பதினோரு பெயர்களைப் பார்த்ததும் வாங்க வந்தவர்களுக்கு வியர்த்துவிட்டது. அத்தனை பேருக்கும் தோப்பில் பங்கு இருப்பதாக நினைத்துவிட்டார்கள். இவர் விளக்க ஆரம்பித்தார். பாதி விளக்கத்திலேயே அவர்கள் அடுத்த கொட்டகைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பதினோரு பேரில் ஒரு பெண்மணி பஸ் பிடித்து வந்திருக்கிறார். தன் பெயர் பத்திரத்தில் எங்கே இருக்கிறது, காட்டு என்றாராம். நான் எழுதியது பதிவாகவில்லையம்மா, வேறு ஆள் எழுதியதுதான் பதிவானது என்று இவர் உள்ளதைச் சொன்னார். அது கிடக்கட்டும், நீ எழுதினதைக் காட்டு என்றார் அந்தப் பெண்மணி. இவர் பழைய காகிதத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். அந்தப் பெண்மணி அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.

இவர் என்ன ஜாதி என்று தெரிந்துகொள்ள ஊரே முயன்றது. நேராகவே கேட்டுப் பார்த்தார்கள். “நீங்க இன்னா ஆளுங்க?” என்றால், “பத்திரம் எழுதற ஆளுங்க” என்பார். பொய்யில்லை. எனக்கும் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசை இருந்தது.

எனக்கு அவர் பழக்கமானது நிலத்தால் அல்ல, கல்யாணத்தால். படாளத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கு நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற அளவுக்கு நிலம், அண்ணனுக்கு ஒரு லாரி. தொண்ணூறுகளின் கடைசியில் நான் மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி பஸ் ஊர் முனையில் நிற்கும். சேரிக்கு எங்கள் ஊரில் காலனி என்று பெயர், காலனிக்காரர்கள் அங்கேயிருந்து நடந்து வந்து அதே இடத்தில் ஏறுவார்கள். ஊர்க்காரர்கள் முன்பக்கம், காலனிக்காரர்கள் பின்பக்கம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கம்பெனிக்குள் போனால் மட்டும் எனக்கும் காலனியிலிருந்து வந்த ஜெயசீலனுக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். எங்கள் காதலுக்கு யாரையாவது குற்றம் சொல்ல வேண்டும் என்றால் அந்த மெஷின்களை வரிசையாக வைத்த இன்ஜினியரைத்தான் சொல்ல வேண்டும்.

ஜெயசீலன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். நாங்கள் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர்கள். மதம் வேறு என்பதால் தனிச் சட்டத்தில்தான் பதிய முடியும் என்றார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்று பெயர், வயது, அப்பா பெயர், விலாசம் எல்லாம் எழுதி ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் முப்பது நாள் ஒட்டிவைப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் எழுத்தில் ஆட்சேபணை கொடுப்பதில்லை. அடுத்த ஊரில் ஒரு பெண் விஷயம் இப்படித் தெரியவந்து, சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். எந்தச் சொந்தக்காரர் என்று யாரும் கேட்கவில்லை. அவள் திரும்பி வரவும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் முதல் தடவை அந்தக் கொட்டகையில் போய் நின்றோம். ஜெயசீலன் எங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

“லவ்வு கதையெல்லாம் எங்கிட்ட வாணாம். வயசு சர்டிபிகேட் கீதா?” என்றார்.

இருந்தது. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் நாலு கேட்டார், இரண்டுதான் இருந்தது. போட்டோவைப் பார்த்து, காது தெரியவில்லை, வேறு எடுத்து வாருங்கள் என்றார். எனக்கு உயிர் போகிற பிரச்சினை, அவருக்குக் காது. அன்று அவரைப் பிடிக்கவேயில்லை எனக்கு. மனுவெல்லாம் எழுதி முடித்த பிறகு, “முப்பது நாளும் வேலைக்குப் போ. சிரிச்சுகினு இரு. இந்தப் பக்கம் வராத. போர்ட நான் பாத்துக்கறேன்” என்றார். அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வளாகத்தில் இரண்டு மூன்று ஆபீஸ்கள் இருந்தன, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே போர்டு. கல்யாண நோட்டீஸ் ஒன்று ஏறினால் அடுத்த முப்பது நாளும் இவர் குடையோடு போர்டுக்கு முன்னால் நின்று படித்துக்கொண்டிருப்பார். முதுகு போர்டின் அளவுக்கு இருக்கும். யாராவது எட்டிப் பார்த்தால், “படிச்சுகினு கீறேன், முடிச்சுட்டு வுடறேன்” என்பார். முடிக்கமாட்டார். விடாப்பிடியாக நிற்கிறவர்களுக்கு, கண்ணாடி இல்லையென்றால் நானே படித்துச் சொல்கிறேன் என்று ஆரம்பிப்பார். இடது மூலை உச்சியிலிருந்து ஆரம்பிப்பார். ஒன்றையும் விடமாட்டார். சாலையோரப் புளியமர மகசூல் ஏலம், அதன் நிபந்தனைகள் ஒன்று முதல் பதினேழு வரை, பழுதான ஜீப் விற்பனை, ஆதிதிராவிடர் மாணவர் விடுதிக்குப் பால் சப்ளை டெண்டர். கல்யாண நோட்டீஸ் வலது மூலையில் கீழே இருக்கும். அதுவரை பொறுத்திருந்தவர் யாரும் இல்லை. ஒருமுறை ஒரு அப்பா நாலு ஆட்களோடு மகளின் நோட்டீஸைத் தேடி வந்தாராம். இவர் படித்துக் காட்டினார். நாலாவது நிபந்தனையில் அந்த அப்பா நிறுத்தச் சொல்லி, அதை இன்னொரு தரம் படிக்கச் சொல்லி, முன்பணம் எப்போது கட்ட வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போனார். அந்த வருஷம் புளியமர ஏலம் அவருக்கு. மகளுக்குக் கல்யாணமும் நடந்தது.

என் முப்பது நாளும் அவர் சொன்னபடியே சிரித்துக்கொண்டிருந்தேன். நைனா அந்த மாதம் வடக்குக் கொல்லையை மனைப்பிரிவு போடுகிற ஒரு புரோமோட்டருக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தார். பதிவு மதுராந்தகத்தில்தான் நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்துத்தான் எங்கள் மனுவைச் செங்கல்பட்டுப் பக்கம் கொடுத்தோம். இருபத்தாறாவது நாள் இராத்திரிச் சாப்பாட்டில் நைனா அம்மாவிடம் சொன்னார், புரோமோட்டர் தன் வசதிக்குச் செங்கல்பட்டுப் பக்கம் கூட்டிப்போய்விட்டான், அங்கே ஒரு குண்டு ரைட்டர், ஒரு பத்திரத்துக்கு ஒரு நாளை முழுங்கிவிட்டான் என்று. நைனா முகத்தையும் அண்ணன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். அண்ணன் அப்பளம் கேட்டான். அப்பளம் கேட்கிறவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பாக்கி நாட்களை எப்படிக் கழித்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

முப்பத்தோராவது நாள் வேலைக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கி, பதினொன்றரை மணிக்குக் கல்யாணம் ஆனேன். மூன்று சாட்சிகளில் அவர் ஒருவர், டீக்கடை மாஸ்டர் ஒருவர், ஜெயசீலனின் சிநேகிதன் ஒருவன். கையெழுத்துப் போட்டு முடித்துக் கொட்டகைக்கு வந்ததும் அவர் எங்களை உட்காரச் சொன்னார். வாழ்த்தப்போகிறார் என்று நினைத்தேன். நைனா வந்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னார்.

நைனாவும் அண்ணனும் புரோமோட்டரும் நேராக இவர் கொட்டகைக்குத்தான் வந்திருக்கிறார்கள். நைனாவின் பெயரையும் ஊரையும் கேட்டதுமே இவருக்கு யார் என்று தெரிந்துவிட்டது. செக்குபந்தி வந்தது. நைனா மூன்று பக்கம் சொல்லிவிட்டு, வடக்கே சேரி என்றார். வடக்கு எல்லை நெடுக ஒரே ஒரு வீடும் அதன் தோட்டமும்தான், அது ஜெயசீலன் வீடு. எங்கள் நோட்டீஸில் இருக்கிற விலாசம். ஜெயசீலன் அப்பாவின் பெயர் இவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ஜெராக்ஸிலேயே இருந்தது. வழக்கம்போல, அங்கே இருப்பவர் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்.

நைனாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவன்கள் பெயரெல்லாம் எனக்கு எதற்கு, எழுத முடியாது என்றால் சொல், எதிர்க் கொட்டகைக்குப் போகிறேன் என்று எழுந்தேவிட்டார். எதிர்க் கொட்டகை போர்டுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே உட்கார்ந்தால் பத்திரம் முடிகிறவரை கண்ணுக்கு முன்னால் போர்டுதான்.

“எழுதிட்டேன்” என்றார் ரைட்டர்.

‘வடக்கே சேரி’ என்று எழுதிவிட்டார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. எழுதி, பதிந்து, மூவரையும் கேட்டுக்கு வெளியே பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகுதான் போர்டுப் பக்கம் போயிருக்கிறார்.

எனக்கு நிம்மதியில் சிரிப்பு வந்துவிட்டது. “அதனால இன்னா சார், ஒரு வார்த்தைதான” என்றேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. என் வீட்டை யாரும் அப்படி ஒரே வார்த்தையில் எழுதியதில்லை, அதனால் எனக்கு அது வெறும் ஒரு வார்த்தை.

ஜெயசீலன் சிரிக்கவில்லை. “எங்கப்பா பேரு போடலியா சார்?” என்று கேட்டான்.

“போடல.”

“கையிலயே இருந்துதுன்னீங்க.”

“இருந்துது. போட்டிருந்தா உங்க கல்யாணம் இல்ல.” டைப்ரைட்டருக்கு உறையைப் போட்டார். “பத்திரம் நம்ம ஆயுசோட போற சமாச்சாரம் இல்ல. நான் எழுதுனது அது, நானே திருத்தறேன். நாளாவும்.”

பிறகு நான் அழுததையும் அடுத்து நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் என் பெயரை ரேஷன் கார்டிலிருந்து அடித்தார்கள். ஆனால் மூன்று மாதம் கழித்துத்தான் அடித்தார்கள், அதுவரை என் பங்குச் சர்க்கரையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஆட்களோடு போய் ஜெயசீலன் வீட்டுக் கூரை ஓடுகளை உடைத்தான். கொல்லை வழியாகக் காலனிக்குப் போகிற பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். என் மாமனார் அன்றுமுதல் சுற்றுவழியில் நடந்தார். நாங்கள் மறைமலைநகரில் வாடகைக்கு இருந்தோம். நைனா என்னோடு பேசவில்லை.

புரோமோட்டர் கொல்லையை மனைகளாகப் பிரித்து, ஆங்கிலத்தில் பெயர் வைத்து விற்றார். வடக்கு வரிசையில் ஒன்பது மனை. ஒன்பது பத்திரத்திலும் நைனா எழுதிக்கொடுத்த தாய்ப் பத்திரத்தைப் பார்த்து ‘வடக்கே சேரி’ என்று எழுதினார்கள். நம்ம ஆள் எழுதிய ஒன்று இப்போது பத்தாகிவிட்டது. இவர் பிழைதிருத்தல் பத்திரம் போடப் புறப்பட்டார். முதலில் எழுதிக்கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்து வந்து, இன்ன இடத்தில் தவறாக எழுதிவிட்டோம், இப்படித் திருத்தி வாசிக்கவும் என்று கையெழுத்துப் போட வேண்டும். புரோமோட்டர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற பிறவி, அவரால் சிரமமில்லை. மனை வாங்கியவர்கள்தான் வெளியூர்க்காரர்கள். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியில் இருப்பவர்கள், பழைய மகாபலிபுரம் சாலைக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருப்பவர்கள். நாகர்கோவில், கோயம்புத்தூர், திருச்சி என்று ஆளுக்கொரு ஊர்.

இவர் ஒவ்வொருவர் குடியிருப்புக்கும் டி.வி.எஸ். ஐம்பதில் போனார். சோபாவில் உட்கார்ந்து பத்திரத்தை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினார். ஒரு விஞ்ஞானி இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு, தவறு எங்கே என்று எனக்கு இன்னும் புரியவில்லை என்றார். இவர் மறுபடியும் படித்தார். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவன் ஈமெயிலில் அனுப்பச் சொன்னான். இவர் அடுத்த ஞாயிறு நேரிலேயே போய் நின்றார். ஒரு அம்மா மட்டும் படிப்பதற்கு முன்பே சம்மதித்துவிட்டார். ‘சேரி’ என்ற சொல் பத்திரத்தில் இருந்தால் பிற்பாடு மனை விலை போகாது, எடுத்துவிடுங்கள் என்றார். இதைக் கேட்டு எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தக் கையெழுத்தைக் கிழித்துப் போடுங்கள் என்றேன்.

“காரணம் எதுவா இருந்தா இன்னா, கையெழுத்து செல்லும்” என்றார்.

ஒன்பதையும் முடிக்க அவருக்கு ஏழு வருஷம் ஆனது. செலவும் பெட்ரோலும் அவருடையது. நாங்கள் தருகிறோம் என்றால், பிழை யாருடையது என்று திருப்பிக் கேட்பார். பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்லப் போனபோதுகூட, “ஆறாவது மனை முடிஞ்சுது” என்றுதான் ஆரம்பித்தார். ஜெயசீலன் ஒவ்வொரு பத்திர நகலையும் கொண்டுபோய்த் தன் அப்பாவிடம் கொடுப்பான். மாமனார் அதை வாங்கி, படிக்காமல், பைபிளுக்குள் வைத்துவிடுவார். அவருக்கு மகிழ்ச்சியா என்று எனக்குத் தெரியாது. அவர் அப்போதும் சுற்றுவழியில்தான் நடந்துகொண்டிருந்தார்.

பாக்கி இருந்தது தாய்ப் பத்திரம் ஒன்றுதான். அதற்கு நைனா கையெழுத்து வேண்டும். இவர் எங்கள் ஊருக்கு எத்தனை தடவை போனார் என்று எனக்குக் கணக்கில்லை. முதல் தடவை நாயை அவிழ்த்துவிட்டார்கள். பிறகு நாய் பழகிவிட்டது, நைனா பழகவில்லை. எட்டாவது வருஷம் நைனாவே செங்கல்பட்டுப் பக்கம் வர வேண்டி வந்தது. அதே கொல்லையில் மிச்சமிருந்த துண்டு நிலத்தை விற்க ஆள் பார்த்திருந்தார். வாங்குகிறவரின் வக்கீல் பத்திரங்களை அடுக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்து ஒன்பது மனைக்கும் வடக்கே ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது, உங்கள் தாய்ப் பத்திரத்தில் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது, இதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஒன்பது பத்திரங்களும் சேர்ந்து நைனாவை இழுத்து வந்துவிட்டன.

எனக்கு ரைட்டரிடமிருந்து போன் வந்தது. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு பத்திரத்துக்குச் சாட்சி போட வா, அடையாள அட்டை ஜெராக்ஸ் இரண்டு கொண்டு வா என்றார். யார் பத்திரம் என்று கேட்டேன். வந்தால் தெரியும் என்றார். உனக்கு நான் சாட்சி போட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

பெஞ்சில் நைனா உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. அந்த எட்டு வருஷத்தில் அவரை இரண்டு தடவை பார்த்திருந்தேன், இரண்டும் பஸ் ஜன்னல் வழியாக. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“உக்காருங்க. சாட்சி வந்தாச்சு, படிக்கறேன்” என்றார் ரைட்டர்.

“இதுவா சாட்சி?”

“பதினெட்டு வயசு முடிஞ்சிருக்குது. கையெழுத்துப் போடத் தெரியும். வேற இன்னா வோணும்?”

நைனா கேட்டைப் பார்த்தார். மத்தியானம் வாங்குகிறவர் வருகிறார். உட்கார்ந்தார். நான் இன்னொரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ரைட்டர் முதல் வரியிலிருந்து படித்தார். நைனா பெயர், அவர் அப்பா பெயர், கதவு எண், ஊர், வட்டம், முந்தைய பத்திரத்தின் எண், அது எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்பது வரை ஒன்றையும் விடவில்லை. மேற்படி பத்திரத்தில் வடக்கு எல்லை தவறாகச் சேரி என்று எழுதப்பட்டுவிட்டபடியால், அதை இதன் மூலம் வடக்கே, என்று படித்து நிறுத்தினார். அந்த இடத்தில் காகிதம் வெறுமையாக இருந்தது.

“வடக்க யார் வூடு?”

“உனக்குத் தெரியாதா? ஒம்பது பத்திரத்துல எழுதிகினு வந்திருக்கற” என்றார் நைனா.

“எனக்குத் தெரிஞ்சத நான் எழுதக் கூடாது. எழுதிக் குடுக்கறவர் சொல்லணும். போன தபாவும் நீங்க சொன்னததான் எழுதினேன்.”

நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார். “கட்டையன் வூடு” என்றார்.

“கட்டையன்னு ரேஷன் கார்டுல கீதா?”

நைனா வீம்புக்குச் சொல்லாமல் இருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவர் யோசிக்கிறார். என் மாமனார் எங்கள் களத்தில் முப்பது வருஷம் வேலை செய்திருக்கிறார். அவர் எத்தனை மூட்டை தூக்குவார் என்று நைனாவுக்குத் தெரியும், எந்த முழங்கால் வலி என்று தெரியும். பெயர் தெரியவில்லை. எனக்கு நைனாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததில் கோபமும் வந்தது.

ரைட்டர் வெறும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை ஜெயிக்க அந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. டீக்கடை மாஸ்டர் டீயை வைத்துவிட்டுப் போனார். டீ ஆறியது. நைனா தகரக் கூரையைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“உன் மாமனார் பேர் இன்னா?”

எட்டு வருஷத்தில் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தைகள் அவை. அவர் முதலில் என்ன பேசுவார் என்று எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். இது அதில் இல்லை.

“சூசைமாணிக்கம், நைனா.”

ரைட்டர் எழுதவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. “நீ சாட்சி. அவரு சொல்லணும்” என்றார்.

“சூசைமாணிக்கம் வூடு” என்றார் நைனா.

ரைட்டர் பேனா மூடியைக் கழற்றினார். “இனிஷியல்?” என்றார்.

நைனா மறுபடியும் என்னைப் பார்த்தார்.